அம்மாவுக்கு உலைக்கல் கிடைத்த விவரம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம், அம்மாவின் இடது கட்டைவிரல் நீங்கலாக. அதுவும் நகம் கறுத்திருக்கிறதே தவிர மடங்குகிறது, நீள்கிறது, கவலைப்பட ஒன்றுமில்லை. நீ அங்கே எல்லா விரல்களோடும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ மூன்று கேள்வி கேட்கிறாய், அதில் இரண்டுக்குப் பக்கத்தில் நின்றபடியே அம்மா பதில் சொல்லிவிடுகிறாள், நான் சொல்ல வந்தது தொண்டையோடு நின்றுவிடுகிறது. இப்போது சொல்ல வேண்டியது கொஞ்சம் நீளமான விஷயம், அதில் என் தப்பும் இருக்கிறது, ஆகவே வரிசையாக எழுதிவிடுகிறேன், நீயும் நடுவில் பேசாமல் படி.

நாலு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ போனில், வீட்டை விற்றுவிட்டு ரெண்டு பேரும் இங்கேயே வந்துவிடுங்கள், தனியாக அங்கே என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டாய் அல்லவா. நான் பார்க்கலாம் என்றேன். அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். மறுநாள் காலை ஏழு ஐந்துக்கு வந்து அளவு டேப் எங்கே என்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். பின்பக்கம் துணி காயப்போடுகிற இடத்தில் ஒரு ஆணியை அடித்து, அதில் கயிற்றைக் கட்டி, சுண்ணாம்புப் பொடியால் வட்டம் போட்டாள். என்ன என்று கேட்டதற்கு, "விறகு அடுப்பு கட்டப் போறேன். ரொட்டி சுடுற அடுப்பு" என்றாள். எதற்கு என்றேன். "ரொட்டி சுடத்தான்" என்றாள். உனக்கே தெரியும், அவள் ரொட்டி ஆலையில் இருபத்திரண்டு வருஷம் பார்த்தது, சூடாக வெளியே வரும் ரொட்டியின் அடியை விரலால் தட்டி, சத்தத்தை வைத்து உள்ளே வெந்ததா இல்லையா என்று பிரித்து ஒதுக்குகிற வேலை. இத்தனை வருஷத்தில் தட்டியதோடு சரி, ஒரு ரொட்டியைக்கூட அவள் தன் கையால் சுட்டதில்லை. ஆலையை மூடி ஆறு வருஷமாகிறது. சரி, நாலு நாள் ஆசை, தானாக அடங்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவள் அடுப்புக்குக் கல் தேட ஆரம்பித்த அதே வாரம் நான் வீட்டுத் தரகரைத் தேட ஆரம்பித்தேன். இது உனக்குத் தெரியும், ஏனென்றால் நீயும் நானும் சேர்ந்து செய்த ஏற்பாடு அது. அவளிடம் சொல்லாமல் செய்ததுதான் என் தப்பு என்று மேலே எழுதியது. தரகர் வீட்டை அளக்க வந்த அன்று அவள் கடைக்குப் போயிருந்தாள், ஆனால் சீக்கிரம் திரும்பிவிட்டாள். யார் என்று கேட்டாள். தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தவர் என்று சொல்லிவிட்டேன். தரகரும் சும்மா போகாமல் குழாயைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "பிரஷர் நல்லாயிருக்குங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இனி கல் விஷயத்துக்கு வருகிறேன். இந்த அடுப்புக்குச் சாதாரணச் செங்கல் ஆகாதாம், சூடு ஏறி இறங்கி ஏறி இறங்கி வெடித்து ரொட்டிமேல் உதிருமாம். தொழிற்சாலை உலைகளின் உட்சுவரில் வைக்கிற வெளிர்மஞ்சள் கல்தான் வேண்டும், ஃபயர் பிரிக் என்கிறார்கள், நாங்கள் உலைக்கல் என்று சொல்லிப் பழகிவிட்டோம். நூற்று நாற்பது வேண்டும் என்று அம்மா கணக்குப் போட்டிருந்தாள். நம் தெருமுனைக் கட்டுமானச் சாமான் கடையில் போய்க் கேட்டோம். கடைக்காரர் நெருப்பில் சுட்ட கல்லா என்றார். ஆமாம் என்றோம். "எல்லாச் செங்கல்லும் நெருப்புல சுட்டதுதாங்க" என்று சாதாரணச் செங்கல்லை எடுத்து வைத்தார். அடுத்து இணையத்தில் ஒருவரிடம் வரவழைத்தோம். படத்தில் கல்லாகத்தான் இருந்தது, பெட்டியைப் பிரித்தால் ரஸ்க் மாதிரி இருந்தது, நகத்தால் கீறினால் மாவு கொட்டியது. அது சூடு வெளியே போகாமல் தடுக்க வெளிப்பக்கம் வைக்கிற கல்லாம், உள்ளே வைத்தால் ஒரு மாதம் தாங்காது என்று அம்மா திருப்பி அனுப்பிவிட்டாள். கல்லைச் சோதிக்க அவளுக்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒன்றைக் கையில் தூக்கிப் பிடித்து இன்னொன்றால் தட்டுவாள். கணீரென்றால் நல்ல கல், டொக்கென்றால் உள்ளே விரிசல். ரொட்டியைத் தட்டின அதே முகத்தை வைத்துக்கொண்டுதான் இதையும் தட்டினாள். எனக்கு இரண்டும் ஒரே சத்தமாகக் கேட்டது. முப்பத்தோரு வருஷம் பேருந்து டெப்போவில் டைம் கீப்பராக இருந்தவனுக்கு ஹாரன் தவிர வேறென்ன கேட்கும் என்றாள்.

மூன்றாவது வாரம் பழைய இரும்புக்கடைக்காரர் ஒரு தகவல் சொன்னார். ஓரிடத்தில் பழைய உலை ஒன்றைப் பிரிக்கிறார்கள், நல்ல கல், நூற்றைம்பது தேறும், உடனே போனால் கிடைக்கும் என்று முகவரி எழுதிக் கொடுத்தார். என்ன உலை என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வாடகைக் காரில் ஒன்பது பத்துக்குக் கிளம்பி ஒன்பது ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் நல்ல பூச்செடிகள், நிழலில் நீளமான பெஞ்சுகள், எல்லாம் சுத்தமாக இருந்தன. பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரோடொருவர் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். பெயர்ப் பலகையைப் படித்தேன். நகராட்சி தகன நிலையம் என்று போட்டிருந்தது. நான் காருக்குத் திரும்பிவிடலாம் என்று அம்மாவின் முழங்கையைப் பிடித்தேன். அவள் கையை விடுவித்துக்கொண்டு, "வந்ததுக்கு ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துட்டுப் போயிடலாம்" என்று உள்ளே போய்விட்டாள். அங்கே உலையை இயக்குகிறவர் வயதானவர், துவைத்துத் தேய்த்த சட்டை, மிகவும் மரியாதையாகப் பேசினார். எதற்குக் கல் என்று கேட்டார். ரொட்டி சுட என்று அம்மா சொன்னாள். "நாப்பது வருஷமா இந்தக் கல்லுலதான் வேலை நடக்குதும்மா. இதுவரைக்கும் உள்ள போனவங்க யாரும் ஒரு குறை சொன்னதில்லை" என்றார். அவர் சிரிக்கவில்லை, ஆகவே நாங்களும் சிரிக்கவில்லை. அம்மா பன்னிரண்டு கல்லைத் தட்டிப் பார்த்தாள், பன்னிரண்டும் கணீரென்றதாம். குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டு, கல் முதல் தரம், ஆனால் வேண்டாம், மன்னிக்க வேண்டும் என்றாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. உலை கட்டுகிற கொத்தனார் ஒருவரின் எண்ணைக் கொடுத்தார், அவரிடம் நெருப்பே பார்க்காத கல் இருக்கலாம் என்றார்.

திரும்பும்போது காரில், அருவருப்பாக இருந்ததா என்று கேட்டேன். அதெல்லாம் இல்லை என்றாள். "சாப்பிட வர்றவங்க கல்லு எங்க வாங்கினீங்கன்னு கேப்பாங்க. நான் பொய் சொல்லணும். எனக்கு அது வராது. உங்களை மாதிரியா, இல்லாத மீட்டரைப் பார்க்க ஆளை வரவழைக்க." நான் ஜன்னல் கண்ணாடியை ஏற்றினேன். "நம்ம வீட்டுக்கு இன்னும் தண்ணி மீட்டரே வைக்கலைங்க" என்றாள். நம் வீட்டில் மீட்டர் இல்லை என்பது முப்பது வருஷம் குடியிருந்தும் எனக்குத் தோன்றவில்லை பார். டிரைவர் பாட்டின் சத்தத்தைக் குறைத்தார். எங்களுக்காகக் குறைக்கவில்லை, கேட்பதற்காகக் குறைத்தார்.

இந்த இடத்தில் உன்னிடம் மறைத்த ஒன்றை எழுத வேண்டியிருக்கிறது. போன வருஷம் நான் குளியலறையில் விழுந்தேன். காலை ஆறு நாற்பது. எலும்பு எதுவும் உடையவில்லை, இடுப்பு பிடித்துக்கொண்டது, எழுந்திருக்க முடியவில்லை. அம்மா தூக்கிப் பார்த்தாள், அவள் எடை உனக்குத் தெரியும், என் எடையும் தெரியும். பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. எதிர்வீட்டுக்குப் புதிதாக வந்தவர்களின் கதவைத் தட்டினாள், அவர்கள் யாரோ என்று திறக்கவில்லை. ஆம்புலன்சைக் கூப்பிடட்டுமா என்றாள், துண்டைக் கட்டிக்கொண்டு தெரு முழுக்கப் பார்க்க ஸ்ட்ரெச்சரில் போக மாட்டேன் என்று நான்தான் தடுத்தேன். பிறகு அவளும் ஈரத் தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். தலையணை கொண்டுவந்து வைத்தாள், பேப்பர் படித்துக் காட்டினாள். எட்டு இருபத்தைந்துக்குத் தண்ணீர் கேன் போடுகிறவர் வந்தார், அவர் ஒரு கேனைத் தூக்குகிற மாதிரி என்னைத் தூக்கி உட்காரவைத்துவிட்டுப் போனார். ஒரு மணி நேரம் நாற்பத்தைந்து நிமிஷம். அன்றைக்கு நான் பயந்தது எனக்காக இல்லை. அவள் விழுந்தால் என்னாலும் அவளைத் தூக்க முடியாது என்று அந்தத் தரையில் கிடந்தபோதுதான் தெரிந்தது. அதனால்தான் நீ கூப்பிட்டதும் பார்க்கலாம் என்று சொல்லி, தரகரையும் தேடினேன். உன் மேல் உள்ள பிரியத்தால் மட்டும் சொன்னேன் என்று நீ நினைத்திருந்தால், பாதி அதுதான், மீதி இது.

இந்தப் பயத்தையும் தரகர் விஷயத்தையும் காரில் வைத்து அவளிடம் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள். பிறகு, "நானும் அதே தரையிலதானே உட்கார்ந்திருந்தேன். எனக்கு மட்டும் அது தோணாதா? அதுக்குத்தான் அடுப்பு" என்றாள். எனக்குப் புரியவில்லை. "பொண்ணு வீட்டுக்குப் போனா, அவ காலையில எட்டு மணிக்கு வேலைக்குப் போனா சாயங்காலம் ஏழு மணிக்கு வர்றா. நடுவுல நீங்க விழுந்தா பதினோரு மணி நேரம். அங்க கேன்காரர்கூடக் கிடையாது. ஆள் வந்து போற வீடா இருந்தா எந்த ஊர்ல விழுந்தா என்ன. நம்ம வீட்டுக்கு ஆள் வர்றதுக்கு என்ன இருக்கு சொல்லுங்க, உங்களைப் பார்க்கவா வருவாங்க? சூடா ரொட்டி இருந்தா வருவாங்க." டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "அம்மா சொல்றது நியாயம்தான் சார்" என்றார். மறுநாள் பத்தே காலுக்குத் தரகருக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க யாரையும் கூட்டிவர வேண்டாம், விற்கவில்லை என்று சொன்னேன். அவர், "அப்ப மீட்டர் பார்க்க இனிமே வர வேண்டாம்" என்றார். உனக்கு அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நீ ஒவ்வொரு வாரமும் விற்பனை எதுவரை வந்திருக்கிறது என்று கேட்டபோது பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். அடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொத்தனார் சொன்ன இடம், ஊருக்கு வெளியே மூடிக்கிடக்கிற கண்ணாடி ஆலை. அதன் உலையைப் புதுப்பிக்க வாங்கி, புதுப்பிக்காமலே ஆலையை மூடியதில், மிஞ்சின கல் கொட்டகையில் அப்படியே அடுக்கியிருந்தது. கொண்டுவர வண்டி வேண்டுமே என்று விசாரித்தால், சிறிய சரக்கு வண்டி நம் தரகரிடமே இருக்கிறது. வீட்டை விற்பவர்களுக்குச் சாமான் ஏற்றிக் கொடுப்பதும் அவர்தானாம். வந்தார். கொட்டகையில் நூற்று எழுபத்திரண்டு கல் இருந்தது. அம்மா ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டினாள். நான் எடுத்துக் கொடுத்தேன், தரகர் வாங்கி அடுக்கினார். மூன்று மணி நேரம் பத்து நிமிஷம் ஆயிற்று. எண்பதாவது கல்லுக்குமேல் எனக்கும் வித்தியாசம் கேட்க ஆரம்பித்தது. ஒன்றை அவள் தட்டியதும் நானே டொக் என்றேன். நிமிர்ந்து பார்த்து, "காது வந்துடுச்சா" என்றாள். இருபத்தொன்பது கல் கழிந்தது, நூற்று நாற்பத்து மூன்று தேறியது. கடைசியில் தரகர் ஒரு கல்லை அவள் கட்டைவிரல்மேல் வைத்துவிட்டார். அவள் கத்தவில்லை. கல் உடைந்ததா என்று தட்டிப் பார்த்தாள், கணீரென்றது, வண்டியில் ஏற்றச் சொன்னாள்.

மற்ற சாமான்களும் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. கல்லுக்கு நடுவில் பூசச் சிமெண்ட் ஆகாது, சூட்டில் பொடியாகும் என்று, கொத்தனார் தன் வீட்டில் இருந்த உலைமண் இரண்டு மூட்டை கொண்டுவந்தார். கொதிகலன் பழுதுபார்க்கிற ஒருவரிடமிருந்து சூடு தாங்கும் வெள்ளைக் கம்பளி ஒரு சுருள் கிடைத்தது, அதைத் தொட்டால் ஒரு வாரம் அரிக்கிறது, நீ வந்தால் தொடாதே. கதவுக்கு நான் டெப்போவுக்குப் போய் உடைக்கப் போட்டிருந்த பேருந்தின் எஞ்சின் மூடித் தகட்டை வாங்கி வந்தேன், பெயிண்டைச் சுரண்டி எடுக்கவே நாலு நாள். ஈர மணலைக் குவித்து, மேலே நனைத்த பேப்பரை ஒட்டி, அந்தக் குவியல்மேல் கல்லை வளைத்து அடுக்கி, காய்ந்த பிறகு வாய் வழியாக மணலை வாரி எடுத்தோம். மணலை எடுக்கும்போது கூரை விழும் என்று நான் தூரமாக நின்றேன். விழவில்லை. அடுப்பு வாயின் உயரம், உள்ளே கூரை உயரத்தில் நூற்றுக்கு அறுபத்து மூன்று பங்கு இருக்க வேண்டுமாம். அறுபத்திரண்டாக இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன், கொத்தனாரும் அம்மாவும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி அளந்தார்கள். ஒரு வாரம் தினமும் சின்னதாகத் தீ போட்டு ஈரத்தை வற்றவைத்தோம், அவசரப்பட்டால் உள்ளிருக்கும் நீராவி கல்லைப் பிளந்துவிடும். எட்டாம் நாள் முதல் ரொட்டி. வெளியே கரி, உள்ளே மாவு. அம்மா அதைத் திருப்பி அடியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஆலையில இதை நானே ஒதுக்கியிருப்பேன்" என்று ஒதுக்கிவிட்டாள். நாலாவது தடவைதான் சரியாக வந்தது. சரியாக வந்ததைத் தட்டிவிட்டு அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள், கை சுட்டிருக்கும்.

இப்போது வியாழக்கிழமை தோறும் அடுப்பு எரிகிறது. முதல் வியாழன் யாரும் வரவில்லை, நாங்கள் இருவரும் ஆறு ரொட்டியை அந்த வாரம் முழுக்கத் தின்றோம். இரண்டாம் வியாழன் எதிர்வீட்டுக்காரர் வந்தார், புகை படுக்கையறைக்கு வருகிறது என்று சண்டை போட. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவர், மெதுவாகத்தான் சண்டை போட்டார். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கையில் ஒரு ரொட்டியைக் கொடுத்தாள். சூடாக இருந்ததால் அவர் கையை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டே மீதிச் சண்டையைப் போட்டார். புகைக்குழாயை இரண்டடி உயர்த்தினோம். அடுத்த வாரம் அவர் மனைவி மாவு பிசைந்து எடுத்துக்கொண்டு வந்தார். அம்மாவோடு ஆலையில் வேலை பார்த்த நாலு பேர் எப்படியோ கேள்விப்பட்டு இரண்டு பஸ் மாறி வருகிறார்கள். கொத்தனார் கூரையில் விரிசல் இருக்கிறதா பார்க்க வருவதாகச் சொல்லி வருகிறார், விரிசல் இல்லை, ஆனாலும் வருகிறார். தரகரும் வருகிறார். தெருவில் விலைக்கு வரும் வீடுகளைப் பற்றி இங்கேயே பேசி முடிக்கிறார்.

போன வியாழக்கிழமை நான் மறுபடி விழுந்தேன். பதறாதே, முழுதும் படி. மிச்சமிருந்த மூன்று உலைக்கல்லை ஓரமாகப் போடும்படி அம்மா பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், நான் போடவில்லை, அதில்தான் தடுக்கியது. விழுந்தபோது நான்கு பதினேழு. நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது நான்கு பதினெட்டு. அதிலும் தோளைப் பிடித்துத் தூக்குவதா இடுப்பைப் பிடித்துத் தூக்குவதா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து விவாதம் நடந்தது, அது இல்லையென்றால் இன்னும் சீக்கிரம் முடிந்திருக்கும். தலைப்பக்கம் பிடித்தது எதிர்வீட்டுக்காரர். உட்காரவைத்த பிறகு அவர், அன்றைக்குக் காலையில் கதவைத் தட்டினது நீங்கள்தானா என்று அம்மாவிடம் கேட்டார். ஆமாம் என்றாள். புது ஊர், யாரென்று தெரியாமல் பயந்துவிட்டோம் என்றார். அம்மா அவருக்கு ரொட்டியின் மொறுமொறுப்பான ஓரத் துண்டாகப் பார்த்து வெட்டிக் கொடுத்தாள். மறுநாள் டாக்டரிடம் போனேன். பழைய மாத்திரை ஒன்று தலைசுற்றல் தருகிறது என்று நிறுத்திவிட்டார். இந்த விவரத்தை மறைக்காமல் எழுதிவிட்டேன், குறித்துக்கொள்.

ஆகவே நாங்கள் அங்கே வரவில்லை. இதை ஒரு வரியில் போனில் சொல்லியிருந்தால் நீ அழுதிருப்பாய் அல்லது கோபப்பட்டிருப்பாய், இரண்டையும் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. உன்னைப் பார்க்க வருவோம், ஒரு மாதம் இருப்போம், அதுவரை வியாழக்கிழமை அடுப்பை எதிர்வீட்டம்மா பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு முன் நீ ஒரு தடவை வந்து போ. கோபம் இருந்தால் அதையும் கொண்டுவா, இங்கே நேரில் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் எனக்கு நிம்மதி இல்லை. போன குளிர்காலத்தில் நீ நாலு நாள் காய்ச்சலில் கிடந்ததை ஐந்தாம் நாள் எழுந்த பிறகுதான் எங்களிடம் சொன்னாய். மறைக்கிற பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று அம்மா கேட்டாள், நான் சுவரைப் பார்த்தேன். எங்களை யார் தூக்குவார்கள் என்று நீ அங்கே கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறாய். பதினோராவது மாடியில், இரண்டு பூட்டுப் போட்ட கதவுக்குள் தனியாக இருக்கிற உன்னை யார் தூக்குவார்கள் என்று நாங்கள் இருவரும் நினைத்துப் பார்க்கவே இல்லை என்பது, அந்த ஈரத் தரையைப் பற்றி உனக்கு எழுத உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. அந்த மாடியில் அடுப்பெல்லாம் கட்ட விடமாட்டார்கள், தெரியும். நீ எதுவும் கட்ட வேண்டாம். எதிர்க் கதவைப் போய்த் தட்டு, ஸ்க்ரூடிரைவர் இருக்கிறதா என்று கேள், உன்னிடம் இருந்தாலும் கேள். முதல் தடவை திறக்காவிட்டால் தப்பாக நினைக்காதே, அவர்களும் யாரோ என்று பயந்திருப்பார்கள், இன்னொரு நாள் மறுபடி தட்டு.

நேரத்துக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. நோய்நொடி அண்டாமல், கூப்பிட்ட குரலுக்கு ஆள் இருக்கிற இடத்தில் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று உன் அம்மாவும் நானும் மனதார ஆசீர்வதிக்கிறோம். அம்மா இதைப் படித்துவிட்டாள், கட்டைவிரலைப் பற்றி எழுதியிருக்க வேண்டாம் என்றாள், மற்றதெல்லாம் சரி என்றாள். பதில் எழுதும்போது மறக்காமல் ஒன்று செய். உன் எதிர்க் கதவுக்குப் பின்னால் இருப்பவர் பெயர் என்ன என்று கேட்டு, மற்ற விஷயத்துக்கெல்லாம் முன்னால், முதல் வரியில் எழுது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அப்பா